19 முறை அடித்தும் கோல் இல்லை: குற்றம் ஒன்பதாம் எண் பையனுடையதா?

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறு காலையில் எங்கள் பகுதிப் பையன்களுக்குக் கால்பந்து பயிற்சி கொடுக்கிறேன். 16 வயதுக்கு உட்பட்ட அணி, மொத்தம் 17 பேர். கல்லூரி அணியில் ரைட் பேக் (வலது ஓரத் தடுப்பாட்டக்காரர்) ஆடிய அனுபவம்தான் எனக்கு இருக்கிறது.

போன மாதம் ஒரு போட்டியில் நான்கு ஆட்டம் ஆடினோம். அடித்தது 2 கோல், வாங்கியது 5. அதில் மூன்றாவது ஆட்டம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. முக்கால்வாசி நேரம் பந்து எங்கள் காலில்தான் இருந்தது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். எங்கள் பக்கம் 19 கோடு, எதிரணிப் பக்கம் 4. முடிவு 0-1. கடைசிப் பத்து நிமிடத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரு கார்னரிலிருந்து பந்தைப் பறித்து, மூன்றே பாஸில் வந்து அடித்துவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் மைதான ஓரத்தில் நின்றிருந்த பெற்றோர் சிலர் எங்கள் ஒன்பதாம் எண் பையனைப் பிடித்துக்கொண்டார்கள். "ஃபார்வர்டு ஆடுற, ஒரு கோல் கூட அடிக்கத் தெரியலையா?" என்று அவன் அப்பாவுக்கு முன்னாலேயே கேட்டார்கள். அவனுக்கு வயது 15. அதன்பின் இரண்டு வாரமாகப் பயிற்சிக்கு வரவில்லை. முட்டி வலி என்று சொல்லி அனுப்புகிறான். வலி முட்டியில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கோல் விழுவதும் அணி ஜெயிப்பதும் உண்மையில் எதைப் பொறுத்தது? பந்தை அதிக நேரம் வைத்திருந்தால் போதாதா? ஃபினிஷிங்தான், அதாவது கிடைத்த வாய்ப்பைக் கோலாக்குவதுதான் எங்கள் குறையா? ஃபினிஷிங் என்றால் அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? அவன் வீட்டுக்குப் போய்ப் பேசப் போகிறேன். அதற்கு முன் எனக்கே ஒரு தெளிவு வேண்டும்.

மூன்றுகம்பம் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த 19 கோட்டில் எத்தனை கோடு பாக்ஸுக்கு (கோலுக்கு முன்னால் போட்டிருக்கும் பெரிய கட்டம்) வெளியிலிருந்து அடித்தது?

நான் சென்னையில் 14 வருடம் அலுவலக அணிகளுக்கு கோல்கீப்பராக நின்றவன். அந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். 25 கஜத்திலிருந்து ஒருவன் காலைத் தூக்கினால் எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான் வரும். பந்து அவன் காலை விட்டுக் கிளம்புவதைப் பார்க்க முடியும், இரண்டு அடி நகர நேரம் இருக்கும். கூட்டம் "ஆ" என்று கத்தும், நான் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். எனக்குப் பயம் வந்த இடம் வேறு. விங்கில், அதாவது மைதான ஓரத்தில், ஒருவன் கோல் கோடு வரை ஓடிப் போய், அங்கிருந்து பின்னால் தரையோடு தள்ளிவிடுவான் பாருங்கள், அதுதான். அவனுக்காக நான் பக்கத்துக் கம்பத்தை மூடி நிற்க வேண்டும். என் கண் அவன் மேல். நடுவில் ஓடி வருகிறவனை நான் பார்க்கவே மாட்டேன். திரும்புவதற்குள் பந்து வலையில் இருக்கும். என் தடுப்பாட்டக்காரர்களும் அப்போது என் பக்கம் முகம் வைத்து ஓடிக்கொண்டிருப்பார்கள், பின்னால் வருகிறவனை அவர்களாலும் பார்க்க முடியாது.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. கோலின் அகலம் 24 அடி. நேர் எதிரே 11 மீட்டரில், யாரும் மறிக்காமல் அடிக்கும் பெனால்டியிலேயே ஏறக்குறைய நான்கில் ஒன்று கோலாவதில்லை. பெரிய லீக்குகளில் எல்லா ஷாட்டையும் சேர்த்துப் பார்த்தால் பத்துக்கு ஒன்றுதான் கோல். பாக்ஸுக்கு வெளியிலிருந்து என்றால் நூற்றுக்கு மூன்று நான்கு தேறினால் அதிகம். இப்போது டிவியில் "எக்ஸ்பெக்டட் கோல்ஸ்" என்று ஒரு எண் போடுகிறார்களே, அதன் அடிப்படை இதுதான். எந்த இடம், எந்தக் கோணம், காலா தலையா, பந்து எப்படி வந்து சேர்ந்தது என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு மதிப்புப் போட்டுக் கூட்டுகிறார்கள். அந்தக் கணக்கில் உங்கள் 19 ஷாட் ஒரு கோல் கூடத் தேறாமல் போயிருக்கலாம், எதிரணியின் அந்த ஒரு ஓட்டமே அரைக் கோல் தேறியிருக்கலாம்.

பந்தை வைத்திருப்பது பற்றிக் கேட்டீர்கள். 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினை ஜப்பான் 2-1 என்று ஜெயித்தது. ஜப்பானிடம் பந்து இருந்தது 18 சதவீதத்துக்கும் குறைவான நேரம். இடைவேளைக்குப் பின் இறங்கிய ரிட்சு டோவான் சமன் செய்தார். ஸ்பெயினின் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே போய் நெருக்கிப் பந்தைப் பறித்ததால் கிடைத்த கோல் அது. சில நிமிடத்தில் மிட்டோமா கோல் கோட்டின் விளிம்பிலிருந்து பந்தைத் திருப்பிவிட, தனாகா வாசலில் நின்று உள்ளே தள்ளினார். பந்து கோட்டைத் தாண்டிவிட்டதா என்று வீடியோவில் பார்த்து முடிவு சொன்ன கோல், ஞாபகம் இருக்கும். நான் மேலே சொன்ன அதே கோல் கோட்டுப் பந்துதான். அடுத்த சுற்றில் மொராக்கோவுக்கு எதிராகவும் ஸ்பெயின் ஆயிரம் பாஸுக்கு மேல் போட்டது, ஒரு கோல் கூட விழவில்லை, பெனால்டியில் வெளியேறியது. பந்தை வைத்திருப்பது கெட்டது என்று சொல்லவில்லை. 2010-இல் இதே ஸ்பெயின் பந்தை வைத்திருந்துதான் கோப்பை வாங்கியது. ஆனால் அப்போதும் 7 ஆட்டத்தில் 8 கோல்தான் அடித்தார்கள். வாங்கியது 2. நாக் அவுட்டில் நான்கு ஆட்டமும் 1-0. பந்து தங்களிடம் இருந்தால் எதிரிக்கு அடிக்க வாய்ப்பில்லை என்ற பாதுகாப்புதான் அவர்களுக்குப் பெரிய லாபம்.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் அப்பாவிடம் லெஸ்டர் சிட்டி கதையைச் சொல்லுங்கள். 2015-16 பிரீமியர் லீக். பருவம் தொடங்கும்போது 5000-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கி வைத்த அணி, 81 புள்ளியோடு, இரண்டாவது வந்த ஆர்சனலை 10 புள்ளியால் முந்திக் கோப்பை வாங்கியது. அந்த அணியின் ஃபார்வர்டு ஜேமி வார்டி 24 கோல். தொடர்ந்து 11 லீக் ஆட்டத்தில் கோல் அடித்துச் சாதனை செய்தார். ரியாத் மஹ்ரெஸ் 17. அணி அடித்தது 68, வாங்கியது 36. சரி, அடுத்த பருவம் என்ன ஆனது? அதே வார்டி, அதே மஹ்ரெஸ். வார்டி 13, மஹ்ரெஸ் 6. அணி அடித்தது 48, வாங்கியது 63. பன்னிரண்டாவது இடம். பயிற்சியாளர் ரனியேரியைப் பருவத்தின் நடுவிலேயே நீக்கினார்கள்.

வார்டிக்கு ஒரே வருடத்தில் கோல் அடிக்கவா மறந்துவிட்டது? நடுக்களத்தில் பந்தைப் பறித்துக்கொண்டிருந்த கான்டே இல்லை. கோப்பை வாங்கிய பருவத்தில் லீக்கிலேயே அதிகமாக டேக்கிள் செய்தவர் (எதிராளி காலிலிருந்து பந்தைத் தட்டியவர்) அவர்தான். செல்சி வாங்கிக்கொண்டு போய்விட்டது, அங்கே அவர்கள் சாம்பியன். கான்டே பந்தைப் பறித்த நொடியில் எதிரணி முன்னால் ஏறி நிற்கும், பின்னால் வெற்றிடம் கிடக்கும், அதில்தான் வார்டி ஓடுவார். பறிக்கிறவர் போனதும் அந்த நொடிகள் குறைந்தன. எதிரணிகளும் புத்திசாலிகள், இரண்டாவது வருடம் லெஸ்டருக்கு எதிராகப் பின்னால் இறங்கி நின்றார்கள், ஓட இடம் தரவில்லை. நடுவாரத்தில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் வேறு சேர்ந்து கால்களைத் தின்றன. 24 கோல் அடித்தபோதும் வார்டி தனியாக அடிக்கவில்லை, 13 ஆகக் குறைந்தபோதும் தனியாகக் கோட்டை விடவில்லை. இதைத்தான் உங்கள் பையனிடம் சொல்ல வேண்டும்.

கடற்கரைமணல் எழுதியது:

அண்ணா, நான் கன்னியாகுமரிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, பெண்கள் அணியைப் பார்த்துக்கொள்கிறேன். மேலே ஐயா சொன்னது எல்லாம் ஓடும் பந்தில். நிற்கும் பந்தை மறந்துவிடாதீர்கள். கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ. நம் மாதிரி அணிகளுக்கு அதிக வசதியோ பெரிய ஆட்டக்காரர்களோ இல்லாமலேயே மேம்படுத்தக்கூடிய இடம் இதுதான்.

2004 யூரோ கோப்பையை கிரீஸ் வாங்கியதை நினைத்துப் பாருங்கள். ஓட்டோ ரேஹாகல் பயிற்சியாளர். கால் இறுதியில் பிரான்ஸ், அரை இறுதியில் செக் குடியரசு, இறுதியில் சொந்த மண்ணில் ஆடிய போர்ச்சுகல். மூன்றும் 1-0. மூன்று கோலும் தலையால் முட்டியது, அதில் இரண்டு கார்னரிலிருந்து வந்தவை. 2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்து அரை இறுதி வரை போனது. பெனால்டியையும் சேர்த்தால் அவர்கள் அடித்த 12 கோலில் 9 நிற்கும் பந்தில் வந்தவை. கார்னர் எடுப்பதற்கு முன் நான்கு பேர் ரயில் பெட்டி மாதிரி ஒருவர் பின் ஒருவராக ஒட்டி நிற்பார்கள், பந்து கிளம்பியதும் நான்கு திசையில் பிரிந்து ஓடுவார்கள். யாரை யார் பிடிப்பது என்று எதிரணிக்குக் குழம்பிவிடும்.

அதைப் பார்த்துவிட்டு என் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கார்னர் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். தினம் 20 நிமிடம், ஒன்றரை மாதம். முன் கம்பத்துக்கு ஒருத்தி ஓடி, பந்தைத் தொட்டும் தொடாமலும் பின்னால் விடுவாள், பின் கம்பத்தில் மற்றவள். கடைசிப் போட்டியில் இதிலிருந்து இரண்டு கோல். அதை விடப் பெரிய லாபம் ஒன்று கிடைத்தது. கார்னர் என்று விசில் அடித்ததுமே பிள்ளைகள் முகத்தில் ஒரு தெளிவு. எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும்.

இன்னொன்று, உங்களுக்குக் கோல் விழுந்ததே உங்கள் கார்னரில் என்கிறீர்கள். நூறு கார்னரில் மூன்று நான்குதான் கோலாகும் என்பார்கள். மற்றவற்றில் என்ன நடக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். எத்தனை பேரைப் பின்னால் நிறுத்தினீர்கள்?

இடதுகால் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் அதிர்ஷ்டத்தை யாரும் பேசவில்லையே. கால்பந்தில் கோல் குறைவு. கபடியில் நாற்பது புள்ளி எடுக்கிறார்கள், பலசாலி அணி ஒன்றிரண்டு ரெய்டில் தவறினாலும் கடைசியில் முந்திவிடும். இங்கே ஒரே கோலில் ஆட்டம் முடிகிறது. 2022-இல் அர்ஜென்டினா சவூதி அரேபியாவிடம் 1-2 என்று தோற்றதை எப்படி விளக்குவீர்கள்? முதல் பாதியில் மட்டும் மூன்று முறை பந்தை வலைக்குள் போட்டும் ஆஃப்சைடு (பாஸ் கிளம்பும் நொடியில் எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நின்றது) என்று செல்லாமல் போனது. அதே அர்ஜென்டினாதான் கடைசியில் கோப்பை வாங்கியது. ஒரு ஆட்டத்தை வைத்து ஒரு பையனை எடை போடுவது பெரிய அநியாயம், அவ்வளவுதான் என் கருத்து.

மூன்றுகம்பம் எழுதியது:

இடதுகால் தம்பி, அந்தக் கடைசி வரிக்கு நான் முழுக்க உடன்படுகிறேன். ஆனால் சவூதி ஆட்டத்தை அதிர்ஷ்டக் கணக்கில் மட்டும் எழுத மனம் வரவில்லை. அன்று அர்ஜென்டினா 10 முறை ஆஃப்சைடில் மாட்டியது. சவூதி தடுப்பாட்டக்காரர்கள் பயப்படாமல் மேலே ஏறி ஒரே கோட்டில் நின்றார்கள். மெஸ்ஸி எதிரில் நிற்கும்போது அப்படி ஏறி நிற்க எவ்வளவு பயிற்சியும் துணிச்சலும் வேண்டும்! ஒருவன் அரை அடி பின்தங்கினாலும் கோல். அதிர்ஷ்டமும் இருந்தது, மறுக்கவில்லை. அதிர்ஷ்டம் வருகிறபோது கோட்டில் நிற்கும் நான்கு பேரும் ஒழுங்காக நின்றிருந்தார்கள்.

நொய்யல்கரை எழுதியது:

அண்ணா, ஐயா, டீச்சர், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து வேலை பார்த்தேன். ஒரு பையனின் அக்கா அந்த ஆட்டம் முழுவதையும் செல்போனில் எடுத்து வைத்திருந்தாள். ஒரு தாளில் மைதானம் வரைந்து, வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு ஷாட்டும் அடித்த இடத்தில் புள்ளி வைத்தேன்.

19-இல் 13 பாக்ஸுக்கு வெளியே. அதில் 5 ஏறக்குறைய நடுக்கோட்டுக்கும் பாக்ஸுக்கும் பாதி வழியில். உள்ளே அடித்த 6-இல் நான்கு ஓரத்திலிருந்து, கோணமே இல்லாத இடம். பெனால்டி புள்ளியைச் சுற்றி அடித்தது இரண்டே இரண்டு. ஒன்பதாம் எண் பையன் ஆட்டம் முழுக்க அடித்தது மூன்று ஷாட். அவனுக்குப் பாக்ஸுக்குள் நல்ல பந்து போனது ஒரே ஒரு முறை. அதை அவன் சரியாகத்தான் அடித்தான், கோல்கீப்பர் காலால் தடுத்தான். வீடியோவில் இன்னொன்றும் தெரிந்தது. பதினாறு முறையாவது அவன் சரியான இடத்துக்கு ஓடியிருக்கிறான். பந்து போகவே இல்லை. விங்கில் இருக்கும் பையன்கள் உள்ளே வெட்டி வந்து தாங்களே அடித்திருக்கிறார்கள். நான்தான் வெளியில் நின்று "அடி, அடி" என்று கத்தியிருக்கிறேன். என் குரல் வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது. அதைக் கேட்டபோது மனது மிகவும் கஷ்டமாகிவிட்டது. அவனைக் கேள்வி கேட்டவர்களை விட என் பங்கு அதிகம்.

டீச்சர் கேட்டதற்குப் பதில்: அந்தக் கார்னரில் பின்னால் கோல்கீப்பர் ஒருவன்தான் நின்றான். மற்ற பத்து பேரும் ஏறியிருந்தார்கள்.

இங்கே 2019 மார்ச்சில் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் என்ற தேசிய லீக் கோப்பை வாங்கிய ஆட்டத்தை நான் நேரில் பார்த்தேன். ஈஸ்ட் பெங்கால் ஒரே புள்ளி பின்னால், ஜெயித்தே ஆக வேண்டும். எதிரில் ஆடிய மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. ஸ்டேடியமே வாயடைத்துப் போனது. அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்த சென்னை சிட்டியின் ஃபார்வர்டு பெட்ரோ மான்சி இரண்டாம் பாதியில் பெனால்டியில் சமன் செய்தார். அடுத்த இரண்டு கோலையும் அடித்தது யார்? டிஃபெண்டர் கௌரவ் போரா. 3-1. அன்று நான் தொண்டை கட்டும் வரை கத்தினேன், ஆனால் இந்த விஷயத்தை இத்தனை வருடமும் யோசிக்கவில்லை. நாளை மாலை பையன் வீட்டுக்குப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போகிறேன். அவன் அப்பாவும் அன்று ஸ்டேடியத்தில் இருந்தவர்தான்.

பயிற்சியில் எதிலிருந்து தொடங்கட்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

மூன்றுகம்பம் எழுதியது:

தம்பி, வீடியோவில் உங்கள் குரலைக் கேட்டுவிட்டு இங்கே வந்து எழுதினீர்களே, அந்தப் பையன்களுக்கு நல்ல ஆள் கிடைத்திருக்கிறார்.

நோட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 1950-இல் இங்கிலாந்தில் ஸ்விண்டன் அணியின் ஆட்டம் ஒன்றில் சார்லஸ் ரீப் என்ற விமானப்படை அதிகாரி உங்களைப் போலவே நோட்டு எடுத்துக் குறிக்கத் தொடங்கினார். அதன்பின் பல வருடம் விடாமல் குறித்தார். பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் வருகின்றன என்று கண்டார். அதனால் பந்தைச் சீக்கிரம் தூக்கி முன்னால் போடுவதே நல்லது என்றார். பல பயிற்சியாளர்கள் அதை நம்பி ஆடினார்கள். அவர் கவனிக்காதது ஒன்று: கால்பந்தில் பெரும்பாலான பந்துகள் மூன்று பாஸுக்குள் பறிபோய்விடும், அதனால் கோல்களும் அதிகம் அங்கேதான் இருக்கும். பின்னாளில் மறுபடி கணக்கிட்டவர்கள், நீளமாகப் பாஸ் கோத்துப் போகும் அணிகளுக்கு முயற்சிக்கு முயற்சி கோல் வாய்ப்பு அதிகம் என்று காட்டினார்கள். எண்ணும்போது எதை எதனால் வகுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். 19 என்ற எண் உங்களை ஏமாற்றியதும் அப்படித்தான்.

பயிற்சிக்கு இப்படிச் செய்யுங்கள். பாக்ஸுக்குள், இரண்டு கம்பத்துக்கு நேராக, பெனால்டி புள்ளியைத் தாண்டிச் சில அடி வரை சுண்ணாம்பால் ஒரு கட்டம் போடுங்கள். ஏழுக்கு ஏழு ஆடவிடுங்கள். கட்டத்துக்குள் அடித்தால்தான் கோல் செல்லும். கோல் கோட்டுப் பக்கமிருந்து திருப்பிவிட்ட பந்தில் அடித்தால் இரண்டு கோல். முதல் அரை மணி நேரம் பையன்கள் திணறுவார்கள், எரிச்சல்படுவார்கள். நீங்கள் வாயே திறக்காதீர்கள். தாங்களாகவே விங்கில் இறங்கத் தொடங்குவார்கள்.

நடுவில் இருக்கும் பையன்களுக்கு ஒரு வேலை: பந்து பறிபோனதும் பின்னால் ஓடாமல், ஐந்து எண்ணும் வரை அங்கேயே நெருக்க வேண்டும். திரும்பக் கிடைத்தால் அதைப் போல நல்ல வாய்ப்பு வேறு கிடையாது, ஏனென்றால் எதிரணி அப்போதுதான் விரிந்திருக்கும். கார்னரில் பின்னால் இரண்டு பேர், பாக்ஸ் விளிம்பில் ஒருவன், இதில் மாற்றமே வேண்டாம். கடைசிக் கால் மணி நேரத்தில்தான் கோல் அதிகம் விழும், கால் சோர்ந்துவிடும். உங்களிடம் 17 பேர் இருக்கிறார்கள். மாற்று ஆட்டக்காரர்களை முன்னதாகவே இறக்குங்கள், 60-ஆவது நிமிடம் வரை காத்திருக்க வேண்டாம்.

அந்தப் பையனுக்குத் தனி ஷூட்டிங் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம். தனியாக நிறுத்தி அடிக்கவிட்டால் குறை தன்னிடம்தான் என்று நினைத்துக்கொள்வான்.

நொய்யல்கரை எழுதியது:

போய்விட்டு வந்தேன். அவன் அப்பா தாளை ரொம்ப நேரம் பார்த்தார். புள்ளிகளைத் தானே ஒருமுறை எண்ணினார். பையன் கதவோரமாகத்தான் நின்றான். ஓடிய பதினாறு ஓட்டத்தையும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். கிட்ட வந்து ஒரு கோட்டின் மேல் விரல் வைத்து, "இதுல பந்து வந்திருந்தா இடது கால்ல அடிச்சிருக்கணும்" என்றான். அப்புறம் அந்தத் தாளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறான். ஒரு வாளி சுண்ணாம்பு வாங்கி வைத்திருக்கிறேன்.

மூன்றுகம்பம் எழுதியது:

நல்லது தம்பி. மற்ற மூன்று ஆட்டத்துக்கும் வீடியோ இருந்தால் அதையும் இதே மாதிரி வரையுங்கள். இந்த முறை ஷாட்டோடு நிறுத்தாமல், அதற்கு முந்தைய பாஸ் எங்கிருந்து வந்தது என்பதையும் வேறு நிறத்தில் குறியுங்கள். வரைந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.